ஒத்துப்போன ரத்தம்

அண்ணே,

இன்று பள்ளி விட்டு வரும்போது ஜெலுத்தோங் பாசார் ஓரத்தில் ஒருவர் சோளம் அவித்துக்கொண்டிருந்தார். ஆவி முகத்தில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். என் ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களை உனக்கு ஏற்றிய அன்று உன் அறை முழுக்க இதே வாசம்தான். உறைய வைத்த செல்கள் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து மூச்சில் இப்படி மணக்கும் என்றார் தாதி. நீ விடுவாயா?

"என்னா டீச்சரம்மா, உன் ரத்தம் ஜாகோங் வாசம் அடிக்குதுலா."

நாம் எதில்தான் ஒத்துப்போனோம்? காற்றாடியை எந்த வேகத்தில் வைப்பது என்பதற்கே சண்டை. "இதுங்க ரெண்டுக்கும் ஒத்தே போவாது" என்பார் அம்மா. உன் நிணநீர்ப் புற்றுநோய் கீமோவுக்கு அடங்காமல் திரும்பி வந்தபோது, எல்லோருடைய ரத்தத்தையும் சோதித்த மருத்துவர், தங்கையுடையதுதான் முழுமையாக ஒத்துப்போகிறது என்றார். அம்மா அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செல்களைப் பிரித்தெடுத்த அன்று என் இரண்டு கைகளிலும் ஊசி, மடியில் புத்தகம். பக்கம் புரட்ட நீ அருகில் உட்கார்ந்தாய். வேண்டுமென்றே இரண்டிரண்டு தாளாகப் புரட்டினாய். கையை அசைக்க முடியாது என்ற தைரியம் உனக்கு.

செல்கள் உனக்குள் வேர்பிடித்தன. புற்று அடங்கியது. பிறகு உன் உள்ளங்கைகள் சிவந்தன, தோல் உரிந்தது, வாயெல்லாம் புண். குடல் எதையும் ஏற்கவில்லை. என் செல்கள் உன் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன என்றார் மருத்துவர். முழுமையாக ஒத்துப்போனாலும் சிலருக்கு இப்படி ஆகுமாம். புற்றை விரட்டியதும் இதே சண்டைதானாம். யாருடைய தவறும் இல்லையாம். நானும் தேடித் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். உன் கைகளைப் பார்த்தபோது அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை.

ஒருநாள் மெல்லிய குரலில் கேட்டாய்: "உள்ள போயுமா சண்டை?" என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "விடு, நீதானே" என்றாய். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்க வந்தது.

இப்போது உன் படத்துக்குப் பூ வைக்க வரும் உறவினர்கள், அண்ணனுக்கு ரத்தத்தையே கொடுத்த பிள்ளை என்று என் தலையைத் தடவுகிறார்கள். தலைகுனிகிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்ற வாரம் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அதற்குள் ஆறிவிட்டது, தழும்புகூட இல்லை. என்னிடம் மட்டும் இந்த ரத்தம் எவ்வளவு சாதுவாக நடந்துகொள்கிறது, அண்ணே.