இரண்டாவது தொட்டி

விட்னெஸ்,
இங்கிலாந்து,
மார்ச் 14, 1887

அன்புத் தம்பி வில்ஃப்ரட்டுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. ஆண்ட்வெர்ப்பில் உனக்கு வேலையும் இருப்பிடமும் நன்றாக அமைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத ஒன்றும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆலையில் உன் அத்தான் கட்டிய கழுவு கோபுரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. பம்பு பழுது. உலையிலிருந்து வந்த அமிலப் புகையைக் கழுவ மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், புகை அப்படியே திரும்பி உலைக்கூடத்தை நிறைத்தது. உலையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். டெனிஸ் கியோகன் மட்டும் வரவில்லை. அத்தான் ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு உள்ளே போய் இழுத்து வந்தார். டெனிஸுக்கு அப்போதே உயிர் இல்லை. அத்தானுக்கு அன்றிலிருந்து குரல் இல்லை. இருமினால் துணியில் ரத்தம். மருத்துவர் என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் தன் பையைப் பார்த்துப் பேசுகிறார்.

அந்தக் கோபுரம் அவருக்கு என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது வந்த பிறகுதான் நம் தெருவில் செடிகள் கருகாமல் நின்றன. வரும் மே மாதம் மான்செஸ்டரில் அவருடைய பன்னிரண்டு சொற்பொழிவுகள் ஏற்பாடாகியிருந்தன. சோப்பானாலும் சாயமானாலும் சர்க்கரையானாலும் ஆலைக்குள் நடப்பவை சில வேலைகள்தாம், சூடாக்குவது, கழுவுவது, வடிகட்டுவது, உலர்த்துவது; அவற்றைத் தனிப் படிப்பாகக் கற்பிக்கலாம் என்று இத்தனை வருடம் சொல்லிவந்தாரே, அதைப் பற்றித்தான். தன்னை வேதிப் பொறியாளர் என்று அவர் சொல்லிக்கொண்டபோது, "குழாய் மாட்டுறவன் கோட்டு போட்டா பொறியாளரா?" என்று சிரித்தவர்களே இப்போது கேட்க வருவதாக இருந்தார்கள்.

மரண விசாரணை வழக்கம்போல் மதுக்கடை மாடியில் தொடங்கியது. முதலாளி ஹால்ஸ்டெட் எழுந்து, டெனிஸ் குடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விசாரணை 22ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

மறுநாள் டெனிஸின் மனைவி நோரா நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. "என் புருஷன் குடிப்பான், இல்லேன்னு சொல்லல. ஆனா தவக்காலம் பொறந்தா ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டான். எங்க தெருவே சொல்லும். குடிகாரன்னு பேர் வச்சு அவனைப் புதைக்க விடமாட்டேம்மா. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரைச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். அத்தான் படுக்கையிலிருந்தே கையைத் தூக்கி, சொல்கிறேன் என்று சைகை காட்டினார்.

தம்பி, நான் இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படி.

அவருடைய பெட்டியில் பென்சிலால் போட்ட முதல் வரைபடம் கிடைத்தது. அதில் கோபுரத்தின் உச்சியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. பம்பு நின்றாலும் உலையை அணைக்கும்வரை இரண்டாவது தொட்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆலைக்குப் போன சுத்தப் பிரதி உன் கையால் வரைந்தது. அதில் ஒரு தொட்டிதான். ஆலை ஆள் ஒருவரிடம் அதைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது தொட்டியைக் கத்தியால் சுரண்டி எடுத்த இடம் தெரிகிறது.

அவரிடம் காட்டினேன். பிரதியின் அடியை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு காற்றாக வந்த குரலில், "கீழ இருக்கறது என் கையெழுத்து. பாத்துட்டுப் போட்டிருக்கணும், பாக்கல. அவன் சின்னவன், ஹெஸ்டர். என் பேரு போனா என்னோட போகும். அவன் பேரு போனா நாப்பது வருஷம் அதைச் சுமப்பான்" என்றார். உன் பெயரை நான் எங்கேயும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நீயாகச் சுரண்டியிருக்க மாட்டாய். புகையைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் வருவதற்குள் கோபுரம் எழும்பியாக வேண்டும் என்று ஹால்ஸ்டெட் குதித்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. யார் சொல்லிச் செய்தாய் என்பதை நீ ஒருவன்தான் சொல்ல முடியும். வந்து சொல். இல்லையென்றால் பழி செத்தவன் மேல் விழும், அல்லது சாகக் கிடப்பவர் மேல் விழும்.

கடிதம் கிடைத்த அன்றே புறப்படு.

உன் அக்கா,
ஹெஸ்டர் ஆல்ட்கிராஃப்ட்


விட்னெஸ்,
ஏப்ரல் 4, 1887

தம்பி வில்ஃப்ரட்டுக்கு,

காய்ச்சலாக இருக்கிறது, பயணம் கூடாது என்று நீ எழுதிய நான்கு வரிகள் கிடைத்தன.

விசாரணைக்கு அத்தானை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். டெனிஸ் குடிக்கவில்லை, குழாயை மூடவுமில்லை, தவறு வரைபடத்தில், முதலில் இரண்டு தொட்டி போட்டிருந்தேன், ஆலைக்குப் போனதில் ஒன்றுதான், அந்த வரைபடமும் என்னுடையது என்றார். யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அது பொய் இல்லை. டெனிஸின் பெயர் சுத்தமாயிற்று. ஹால்ஸ்டெட் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மான்செஸ்டரிலிருந்து அந்த வாரமே கடிதம் வந்தது, சொற்பொழிவுகள் இல்லையாம்.

படியிறங்கும்போது நோரா நாற்காலியை மறித்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "ரெண்டு தொட்டி வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன்யா ஒண்ணோட விட்டீங்க?" என்று கேட்டாள். கத்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் தலை குனிந்துகொண்டார். அவள் வழிவிட்டு நின்றாள். ஊரில் இப்போது அவர் முகத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஆலையிலிருந்து மூன்று பேர் மட்டும் மாலையில் வேலை முடிந்து வருகிறார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவர் உதட்டருகே காதை வைத்துக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மான்செஸ்டரில் பேச வேண்டியதைத்தான் சொல்கிறார். ஏழாவது சொற்பொழிவு வரை வந்திருக்கிறது. நேற்று நடுவில் மூச்சு நின்றது போலாகி மறுபடி வந்தது. பன்னிரண்டையும் முடிக்க மாட்டார் என்று அவர்களுக்கும் தெரியும்.

உன்னைப் பற்றிக் கேட்டார். காய்ச்சல் என்றேன். "அந்த ஊர் ஈரம் அவனுக்கு ஒத்துக்காது. கம்பளி அனுப்பு" என்றார். இந்தக் கடிதத்தோடு கம்பளிப் பொட்டலமும் வரும்.

நான் உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அம்மா போன பிறகு உன்னை வளர்த்த கை இது, வேறு என்ன செய்யும். ஆனால் நோரா கேட்டதற்கு, அவர் கண் திறந்திருக்கும்போதே யாராவது பதில் சொல்ல வேண்டும், தம்பி. அவர் சொல்ல மாட்டார். நான் சொல்ல முடியாது. அவள் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம், கடைசியிலிருந்து இரண்டாவது கதவு. பகலில் இருப்பாள்.

கடவுள் உன் காய்ச்சலைத் தணிக்கட்டும். நடக்கும் பலம் தரட்டும்.

ஹெஸ்டர்