பேட்டரி சைக்கிளிலிருந்து அலமேலு இறங்கியது

2008, ஐப்பசி 26, செவ்வாய்.

பகலெல்லாம் கரண்டு இல்லை. மகன் வாங்கித் தந்த பேட்டரி சைக்கிள் சாயங்காலம் செங்கம் ரோட்டில் சார்ஜ் தீர்ந்துபோனது. பின்னால் அலமேலு உட்கார்ந்திருந்தாள். பெடலை மிதித்தால் சேற்றில் மிதிப்பது போல இருந்தது. கல்யாணமான புதிதில் அவளையும் ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையையும் வைத்துக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மிதித்து வந்தவன் நான்.

“வெயிட்டு ஜாஸ்தியாயிட்டடி” என்று சொல்லிவிட்டேன். அவள் இறங்கி நடந்தாள்.

தனியாக மிதித்தேன். அப்போதும் அதே பாரம். இறக்கத்தில்கூட உருண்டு ஓடவில்லை. கனவில் ஓடுகிற மாதிரி, கால் போகிறது, நான் போகவில்லை. ரோட்டோரத்து மலைதான் மெல்ல என் கூட நகர்ந்து வந்தது. பின்சக்கரத்து மோட்டார் ஓடாமல் பின்னுக்குப் பிடித்து இழுக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

“அலமேலு, நீ இல்லடி. மோட்டாருதான் இழுக்குது.”

“அது கூடவே குடும்பம் நடத்துங்க. நான் நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்.”

வீட்டுக்கு வந்ததும் துணியும் எடுத்து வைத்துவிட்டாள். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் எழுத்துக் கூட்டி இவ்வளவும் எழுதுவதற்குள் தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். வளையல் அசைகிறது. காலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விடுவாள். பேனாவை வைத்துவிட்டு இப்போதே கூப்பிட்டுப் பார்க்கிறேன்.