எதிர்ப்பக்கம் மூடிய இலை

ஞாயிறு, இரவு.

முதலில் கண்ணில் பட்டது கடை வாசலில் கட்டிய மாவிலைதான். இன்னும் வாடவில்லை. ஒத்தக்கடையில் எந்தப் புதுக்கடை திறந்தாலும் சித்திக்குச் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். இன்று அப்படி ஒரு புது மெஸ்ஸுக்கு என்னையும் கூட்டிப்போனாள். கல்லாவில் காவ்யா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் இருந்தவள். கடை அவள் அப்பாவுடையதாம்.

நான் மெனு அட்டையை எடுத்ததும், "ஏய், நீ எட்டாவதோட நின்னவதான? நான் வேணா வாசிச்சுச் சொல்லவாடி?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். குனிந்தபடியே சாப்பிட்டேன். அயிரை மீன் குழம்பு ருசியாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சித்தி கை கழுவப் போனாள். நான் என் இலையை என் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்து மூடினேன்.

காவ்யாவின் அப்பா பார்த்துவிட்டார். "என்னத்தா இது? கடை தெறந்து ஒரு வாரங்கூட ஆகல. எளவு வீட்டுல மூடுற மாதிரி மூடிருக்க?" அவர் குரலே மாறிவிட்டது.

"விடுங்கப்பா, படிக்காத புள்ள. அதுக்கு என்னா தெரியும்?" என்றாள் காவ்யா.

நான் அதோடு சும்மா இருந்திருந்தால் தெரியாமல் செய்ததாகவே போயிருக்கும். காவ்யாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சித்தியின் இலையையும் அதே மாதிரி மூடினேன்.