எப்போ கொண்டு வந்திருந்தாலும்

பிப்ரவரி 3, செவ்வாய்

வாடைக்காற்று. கண்ணெல்லாம் மணல். டூட்டிக்குப் போனதும் எமர்ஜென்சி டிராலி சரிபார்த்தேன். அட்ரினலின் உண்டு. துடிப்பைச் சீராக்குகிற அமியோடரோன் குறைவு. ஸ்டோரில் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சேவியரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெரு, கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர். வாசலிலேயே நாடி இல்லை. நெஞ்சை அமுக்கினேன். ஷாக், அட்ரினலின், மறுபடி ஷாக், அமியோடரோன், மறுபடி அட்ரினலின். தட்டு நிறையக் காலி ஆம்பியூல். திரையில் வெறும் கோடு. டாக்டர் நிறுத்தச் சொன்னார். என் கை நிற்கவில்லை.

விடியும்போதே நெஞ்சு இறுக்கமாம். முங்கிக் குளிக்கிறவர்களுக்கு அது பழகின சங்கதி. சுக்குக் காப்பி குடித்துக் குப்புறப் படுத்தால் தணியும் என்பார்கள். மனைவி மெட்டில்டாவும் அதைத்தான் செய்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, வலிக்குன்னு சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாகளா?"

"எப்போ கொண்டு வந்திருந்தாலும் இதேதான்ளா."

பொய். வேறென்ன சொல்ல? அவளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள்.

பிப்ரவரி 5, வியாழன்

தோள்பட்டை இன்னும் வலி. தண்ணீர் லாரி வரவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

அடக்கம் நேற்றே முடிந்தது. இன்று மெட்டில்டா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எப்போ போனாலும் பிரயோசனமில்லையாம், நர்சு ரெஜினாவே சொல்லிட்டாளாம் என்று பெண்கள் பேச்சு. காதில் விழுந்தது. மெட்டில்டா இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அது போதும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

ஏழாம் நாள் பூசை. முடிந்து மெட்டில்டா வீட்டில் எல்லோரும். சேவியரின் தம்பி அந்தோணி சுவரில் சாய்ந்திருந்தான். அவனும் சங்கு குளிக்கப் போகிறவன்தான். சட்டை தொப்பலாக வியர்வை, இடது தோளைத் தேய்த்தபடி. மெட்டில்டா கையில் அவனுக்குச் சுக்குக் காப்பி டம்ளர். ஆட்டோ கூப்பிடுங்கள் என்றேன்.

"ஆஸ்பத்திரில்லாம் வேண்டாம் மதினி. எப்போ போனாலும் இதேதான்லா" என்றான் அவளிடம்.

என் வார்த்தை. பாவி நான்.

"நான் சொன்னது பொய்லே. இப்பமே போனா பொழைக்க வழி உண்டு. எந்திரி."

மெட்டில்டா முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இசிஜி. மாரடைப்பேதான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஏறும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றது. ஒரு ஷாக். திரும்பிவிட்டது. எடுத்து வைத்த அட்ரினலினை உடைக்கவே வேண்டியிருக்கவில்லை. மாதாவே.

பிப்ரவரி 10, செவ்வாய்

காற்று அடங்கிவிட்டது. கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை. அந்தோணி இட்லி தின்றான். பீடி கேட்டான், நன்றாக வைதுவிட்டேன்.

மத்தியானம் மெட்டில்டா. அவன் கட்டிலருகே நின்று, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை.

"யக்கா, அவுகளப் பத்தி அன்னைக்குச் சொன்னதை இன்னொருக்கச் சொல்லுங்க."

இந்த முறை நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.