செல்லத்தாய் கேட்ட பீச்

அருள்புரம்
9-1-1994

அன்பு மகன் சீனிச்சாமிக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் கண் நீங்கலாக இங்கே எல்லாம் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும். லூதியானாவில் ஊருக்கே ஸ்வெட்டர் பின்னும் கம்பெனியில் இருந்துகொண்டு நீ ஸ்வெட்டர் இல்லாமல் திரிவதாக எழுதியிருந்தாய், அந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லி இரண்டு தடவையும் அம்மா உன்னைத் திட்டினாள்.

கண் ஆபரேஷன் தை கடைசியில் என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்துதான் அவளுக்குப் பயம். போன மாதம் சோறு போட்டுக்கொண்டே, ஏய்யா, கண்ணுல கட்டுப் போடுறதுக்கு முந்தி ஒரு தடவ பீச்சப் பாத்துறணும்யா என்றாள். நான் சாயப்பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவே நடந்தே தேய்ந்தவன், எனக்குப் பீச் என்றால் ஆரஞ்சாவதா ரோஸாவதா என்று முடிவெடுக்காமல் நிற்கும் ஒரு நிறம். மறுநாளே பட்டறை மாஸ்டர் ஞானசம்பந்தத்திடம் கேட்டேன், அவரும் ஊட்ல அம்மணிக்குங்களா, லைட்டுங்களா டார்க்குங்களா என்று அக்கறையாக விசாரித்து மூன்று துண்டுத் துணி வெட்டிக் கொடுத்தார். கொண்டுவந்து விரித்தேன். துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் கேட்டது கடலுய்யா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால், வெள்ளைக்காரர்கள் கடற்கரைக்குப் போட்டுப் போகும் பனியனுக்குத்தான் இத்தனை வருடமாக அவள் பிசிறு வெட்டுகிறாள். அங்கே போனதும் கழற்றிவிடுவார்களாம், இருந்தாலும் பிசிறு இருக்கக் கூடாது. அவள் பார்த்த பெரிய தண்ணீர் நொய்யல் ஒன்றுதான், அது பட்டறைச் சாயத்தில் கிழமைக்கு ஒரு நிறத்தில் ஓடுவதால் கணக்கில் சேராது.

அவள் கடல் கேட்கிறாள் என்று நான் எழுதியதற்கு, ஆபரேஷன் முடியட்டும், வைகாசியில் நானே கூட்டிப்போகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். உசிலம்பட்டியிலிருந்து வந்த உன் மாமன் பெரியகருப்பன், பொங்கலுக்கு ஊருக்கு வராம தண்ணியப் பாக்கப் போறாகளாம், கண்ணு தெரியாதவளுக்குக் கடலென்ன கம்மாயென்ன என்று நக்கலடித்துவிட்டுப் போனார். இரண்டையும் அவளிடம் சொன்னேன். நல்லாப் போச்சுன்னா மறுக்காவும் பாத்துக்கிருவேன், நல்லாப் போகலைன்னா என்று கேட்டாள். அதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை, என்னிடமும் இல்லை, ஆகையால் போகிறோம். திருச்செந்தூரில் இறங்கி, கடலை இடது கைப்பக்கம் விடாமல் வைத்துக்கொண்டு, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று டவுன் பஸ்ஸிலேயே கன்னியாகுமரி வரைக்கும். மணப்பாட்டில் மணல்மேட்டின் உச்சியில் சிலுவைக் கோயில், தெருவெல்லாம் பழைய மாடிவீடு என்று கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைக்கும் உவரிக்காரப் பெண் அம்மாவிடம் சொன்னாளாம். மணப்பாட்டுக் கடலு பேசாமக் கெடக்கும் சித்தி, எங்கூர்க் கடலுதான் சண்டைக்கு வரும் என்றாளாம், அதனால் அம்மாவுக்கு உவரியில்தான் அதிகம் தங்க வேண்டும். இதை பஸ் ஸ்டாண்டுத் தபால்பெட்டியில் போடுகிறேன். நீ வேண்டாம் என்று எழுதும்போது வாங்கிப் படிக்க வீட்டில் ஆள் இருக்காது.

அந்த மூன்று துண்டையும் அவளே பையில் எடுத்து வைத்திருக்கிறாள். விடியும்போது கடலோடு சேர்த்துப் பிடித்து எது சரியான பீச் என்று பார்க்க வேண்டுமாம். சரியாகத் தெரியாவிட்டால் என்று இழுத்தேன். தெரியலைன்னா நீ பாத்துச் சொல்லுய்யா, ஒனக்குத்தான் கலரத் தவிர ஒண்ணுந் தெரியாதே என்றாள்.

நோய்நொடி இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். ஸ்வெட்டர் வாங்கு.

இப்படிக்கு, கடற்கரைக்குக் கிளம்பிவிட்ட
உன் அப்பா காசிமாயன்