நைனாவின் மூடிய கை

என் அன்புள்ள நைனாவுக்கு,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் கழித்து இவளுக்கு என்ன வந்தது என்று நீ நினைக்கலாம். கடைசி வரை படித்தால் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. ஆவடிப் பக்கம் முழுக்கப் பட்டாளத்து லாரிகள். சேக்காட்டில் நீ கூலிக்கு நாற்று நட்ட வயலைச் சுற்றி முள்கம்பி போட்டிருக்கிறார்கள். சண்டை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். நான் நம்பவில்லை. நான் இப்போது திருமழிசைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். உன் பேத்தி ரூத்துக்கு ஏழு வயது.

போன ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்துப் பூரிப்பதைப் போலத்தான் தேவன் நம்மைப் பார்த்துப் பூரிக்கிறாராம். சபையே தலையாட்டியது, நான் ஆட்டவில்லை. எந்தத் தகப்பன் என்று கேட்கத் தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே தகப்பன் நீதான். நான் சபை நடுவில் நின்று வசனம் ஒப்பித்த நாளெல்லாம் நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்தாயா?

அதோடு போனதா? வீட்டுக்கு வந்து நான் சோற்றுக்கு உட்கார்ந்ததும் சத்தமில்லாமல் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாய். ஒரு ஞாயிறு சட்டென்று திரும்பினேன். உன் வலது கை மூடியிருந்தது.

"இன்னா நைனா கையில?"

"ஒண்ணுமில்ல. நீ துண்ணு."

நீ அடுப்படிக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் மிளகாய் கருகும் நெடி வந்தது. திருஷ்டி கழிப்பதெல்லாம் ஞானஸ்நானத்தோடு விட்டுவிட வேண்டியது என்று உபதேசியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நீ திருட்டுத்தனமாகப் பழைய வழிக்குப் போகிறாய் என்று நினைத்தேன். என்னிடம் ஏதோ கெட்டது ஒட்டியிருப்பதாக நீ பயப்படுகிறாய் என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் அதிகம் வலித்தது.

அடுத்த வாரம் வேதபாட வகுப்பில், யார் வீட்டிலாவது பழைய பழக்கம் இருக்கிறதா என்று உபதேசியார் கேட்டார். எழுந்து நின்று சொன்னேன். எனக்கு ஒன்பது வயது. உன்னை ஆறு மாதம் ராப்போஜனத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மற்றவர்கள் அப்பம் வாங்க முன்னால் போனபோது நீ கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தாய். ஏன் செய்தாய் என்று எத்தனையோ பேர் கேட்டும் நீ வாய் திறக்கவில்லை. குற்றம் உள்ளவன்தான் பேசமாட்டான் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவோடுதான் உன் குழியில் மண்ணும் போட்டேன்.

போன ஞாயிறு அதே ஆராதனையில் ரூத் ஒரு சங்கீதம் முழுவதையும் தடுமாறாமல் ஒப்பித்தாள். எனக்குப் பெருமை பொங்கியது. எல்லோரும் அவளையே பார்க்கிறார்களே என்று பயமும் வந்தது. முகத்தைத் திருப்பிக் கூரையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவள் சாப்பிட உட்கார்ந்தாள். எப்படி எடுத்தேனோ தெரியாது, என் கைக்குள் மூன்று மிளகாயும் உப்பும் இருந்தன. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, நைனா.

வாசற்படியில் நின்று அம்மா பார்த்துவிட்டாள்.

"அப்பிடியே உங்க நைனா மாதிரி நிக்கிற," என்றாள். "உனுக்கு முன்ன ரெண்டு பெத்தேன். அந்த மன்சன் ரெண்டையும் பார்த்துப் பார்த்துப் பூரிச்சாரு. ரெண்டும் தங்கல. தன் கண்ணே பட்டுச்சுன்னு நம்பிகினாரு. அதான் உன்ன நேரா பாக்கவே மாட்டாரு. சந்தோசம் தாங்கலன்னா மொளகா எடுப்பாரு."

நான் நம்பவில்லை. செத்தவரைப் பற்றி யார்தான் குறை சொல்வார்கள்? "அப்போ சபையில கேட்டப்ப ஏன் சொல்லல?" என்று மடக்கினேன்.

"புள்ள மேல ஆசைன்னு நாலு பேர் முன்னால சொன்னா, அதுவும் கண்ணுதான்னாரு."

"நான்தான் காட்டிக்கொடுத்தேன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் சொன்னாரு, 'நம்ம பொண்ணு பெத்தவனுக்காகக்கூட உண்மைய மறைக்கல, பார்த்தியா'ன்னு. சொல்லிட்டு அன்னிக்கும் மொளகா எடுத்தாரு."

இதை அம்மாவால் இட்டுக்கட்ட முடியாது. அவளுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

போதகர் சொன்னது நிஜமாக இருக்குமோ என்று இப்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. காட்டிக்கொடுத்த அன்றைக்கே நீ என்னை நினைத்துப் பூரித்தாய் என்றால், உன்னைப் படைத்தவர் எவ்வளவு பூரிப்பார்? நீ பயந்துபோய்க் கூரையைப் பார்த்தாய். அவருக்கு யார் கண்ணைக் கண்டு பயம்? இத்தனை வருஷமும் அவர் என்னை நேராகவே பார்த்துக்கொண்டிருந்து, நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லையோ?

வருகிற ஞாயிறு சபையில் எழுந்து நின்று, உன் மூடிய கைக்குள் என்ன இருந்தது, அது யாருக்காக என்று சொல்வேன். ஒன்பது வயதில் எழுந்து நின்றவளுக்கு இப்போது முடியாதா? அன்றைக்கு ரூத் மறுபடியும் ஒப்பிக்கிறாள். கடைசி வார்த்தை வரை அவள் முகத்தையே பார்ப்பேன். மிளகாய் டப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் சும்மா இருப்பாளா என்பது சந்தேகம்தான்.

நீ கூரையைப் பார்த்தே வளர்த்த மகள்,
எஸ்தர்