நான் அழித்த புயல்

மார்ச் 5

நோன்பு திறந்ததும் கஞ்சிக் கிண்ணத்தைக்கூடக் கழுவாமல் மொட்டை மாடிக்கு ஓடினேன். வியாழன் கிரகம் நேர் உச்சியில் நின்றது. காற்று அசையவில்லை, அதன் மேகப் பட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் மாட்டுகிறேன். இந்த அரை மணி நேரம்தான் எனக்கென்று பார்ப்பது.

தொலைநோக்கி வழியாக வீடியோ எடுத்தேன், அதை ஒரே படமாக்கினேன். என் பழைய கேமராவின் பழுதால் ஒரு வெள்ளைப் புள்ளி எப்போதும் விழும். வழக்கம்போல அதை அழித்துவிட்டு வானம் பார்க்கும் குழுவில் போட்டேன்.

உடனே லாஸ்யா இதயம் போட்டிருக்கிறாள். எனக்கு எரிகிறது. பீளமேட்டு மோட்டார் பம்ப் கம்பெனிக்காரர் மகள். தொலைநோக்கி வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் நான் கனவில் பார்க்கும் கேமரா அவள் கையில்.

மார்ச் 6

லாஸ்யாவும் நேற்று படம் எடுத்திருக்கிறாள். தெற்குப் பட்டையில் பளிச்சென்று ஒரு வெண்புள்ளி. "இது புயலுங்களா?" என்று அப்பாவியாக ஒரு கேள்வி வேறு.

குழுவை நடத்தும் லட்சுமிநாராயணன் சார் விளக்கினார். உள்ளிருந்து பொங்கி மேலே வரும் புயலாக இருக்கலாம், சில வாரங்களில் பட்டையையே கலைத்துவிடும், அது கிளம்பும் நேரத்தில் கண்ணில் படுவது அபூர்வம். யார் முதலில் பார்த்தார்களோ அவர்கள் பெயர் வெளிநாட்டுப் பதிவில் ஏறுமாம்.

ஆறு வருடமாகப் பார்க்கிறேன். எனக்கு ஏன் வரவில்லை? அவளுக்கு ஏன்?

மார்ச் 7

வியாழனில் புள்ளி இருந்த பக்கம் இன்று இரவு மறுபடி நம்மை நோக்கித் திரும்பியது. ஊர் முழுக்க மேகம். வேறு எங்கிருந்தும் படம் வரவில்லை. சார் என் பெயரைச் சொல்லிக் குழுவில் எழுதினார்: "அதே நேரத்துல ரிஃபத் எடுத்த படத்துல புள்ளியே இல்லீங்களே. அவங்க ஆறு வருசமா எடுக்கறவங்க. லாஸ்யா படத்தைக் கூர்மையாக்கறப்ப கொஞ்சம் ஓவராப் போயி அப்படி விழுந்திருக்கும்."

சந்தோஷமாக இருந்தது. நோன்பு மாதத்தில் இப்படியொரு சந்தோஷம். அல்லா மன்னிக்கட்டும்.

லாஸ்யா போன் செய்தாள். "ஏனுங்க்கா, உங்க படத்துல நெசமாவே இல்லீங்களா? அப்ப எனக்குத்தான் ஒண்ணும் தெரியலீங்க. படத்தக் குழுவுல இருந்து எடுத்துப்போடறேனுங்க. இனி எதுவும் போட மாட்டேன்."

குரல் உடைந்தது. அழுகிறாள்.

"பழகப் பழக வந்துரும் கண்ணு" என்றேன். நானா அப்படிச் சொன்னேன்!

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு நான் அழித்தது எந்தப் புள்ளி?

மார்ச் 8

வீடியோவைத் திறந்து பார்த்தேன். கேமராவின் பழுது கிரகத்துக்கு வெளியே, இருட்டில், ஓரமாக நிற்கிறது. அசையவே இல்லை. தெற்குப் பட்டையில் இருப்பது வேறு புள்ளி. வீடியோவில் கிரகம் ஆடும்போதெல்லாம் அதுவும் கூடவே ஆடுகிறது.

புயல்தான். கை பழகிய பழக்கத்தில் அதைத் துடைத்துப்போட்டிருக்கிறேன். லாஸ்யாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்திருக்கிறேன்! எனக்கும் வந்திருக்கிறது. வந்ததை நானே விரட்டிவிட்டேன். இதைச் சொல்லி யாரிடம் அழுவது?

மார்ச் 9

மறுபடியும் மேகம்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்?

வீட்டுக்காரர் யாகூப்பிடம் மட்டும் சொன்னேன். "அந்தப் புள்ள அழுதுச்சுங்கறே. வீடியோவ வெச்சுட்டு எதுக்கு உக்காந்திருக்கே?"

"அனுப்புனா என் படத்த இனி யாருங்க நம்புவாங்க?"

"இப்ப நம்பறது மட்டும் என்னவாம்? அழிச்ச படத்தத்தானே நம்பறாங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி சமோசாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் கோபமாக வந்தது. சமோசாவுக்கும் சேர்த்துத்தான்.

மார்ச் 10

அனுப்பிவிட்டேன். வீடியோவை அனுப்பி, என்ன செய்தேன் என்பதையும் குழுவிலேயே எழுதினேன்.

மார்ச் 11

லாஸ்யா கடைக்கே வந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அக்கா, நீங்கதான் மொதல்ல எடுத்தீங்க. உங்க பேரத்தான் மொதல்ல போடோணும்னு சார்கிட்ட சொல்லிப்போட்டேனுங்க."

இதற்கும் எனக்குப் பொறாமை! கேமராதான் அவளுக்கு வாய்த்தது என்றால் மனசும் அப்படியே வாய்த்திருக்கிறது.

"வேண்டாம் கண்ணு. எடுத்தது நானா இருக்கலாம். பாத்தது நீதான்" என்றேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையில் கிடந்த ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தேன்.

மார்ச் 16

புயல் நீண்டு பட்டையைக் குதறிவிட்டது. எல்லா நாட்டுப் படங்களிலும் தெரிகிறது. அறிவிப்பும் வந்துவிட்டது. முதலில் கண்டவர் லாஸ்யா. உறுதி செய்தவர் ரிஃபத்.

இன்னும் எரிகிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

மார்ச் 25

பெருநாள் வேலையெல்லாம் முடிந்து இன்றுதான் மாடிக்குப் போனேன். படத்தில் வடக்குப் பட்டையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அழிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டு லாஸ்யாவுக்கு அனுப்பினேன். "உனக்கும் இது தெரியுதா கண்ணு?"

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மாடி ஏறியிருப்பாள் போல. மூச்சு வாங்கியபடி போனில் பேசினாள். "இல்லீங்க்கா, என் படத்துல காணோமுங்க. உங்க கேமராப் பழுதுதானுங்க."

அதன் பிறகுதான் அழித்தேன்.